அணை நீர்மட்டப் பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலையில் நாளிதழ் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டம் அச்சிடப்பட்டிருக்கும் அந்தச் சிறிய பெட்டியைத்தான். மேட்டூரில் 120 அடிக்கு எவ்வளவு நிற்கிறது, பவானிசாகரில் 105 அடிக்கு எவ்வளவு நிற்கிறது, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று பார்த்த பிறகே தலைப்புச் செய்திக்குப் போவேன். நொய்யல் கரைக் கிராமமொன்றில் பிறந்து, திருப்பூரில் சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் ஒரு பொது நிலையத்தில் வேதியியலாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு இந்தப் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பெட்டியைப் பற்றித் தங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவே இதை எழுதுகிறேன். கோரிக்கை சிறியதுதான், அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் சற்று இடம் வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

நம் ஊர்களில் கோடை வந்தால் பேச்செல்லாம் புதிய குடிநீர்த் திட்டத்தைப் பற்றித்தான். இன்னும் தொலைவில் உள்ள ஓர் ஆற்றிலிருந்து இன்னும் பெரிய குழாய் வேண்டும் என்பதற்கு மேல் யோசனை போவதில்லை. ஆனால் ஒரு நகரத்துக்குள் 100 லிட்டர் தண்ணீர் போனால் அதில் ஏறத்தாழ 80 லிட்டர் சாக்கடையாக வெளியே வரும் என்பது பொறியாளர்கள் பாதாளச் சாக்கடைக்குக் கணக்குப் போடும்போது வைத்துக்கொள்ளும் விதி. மழை பொய்த்த ஆண்டில் ஆறு வறண்டு போகும். குளம் வெடித்துப் போகும். மக்கள் குளித்து, சமைத்து, துவைத்துக்கொண்டிருக்கும்வரை சாக்கடை மட்டும் வறண்டு போகாது. பருவமழையை நம்பாத நீர்வரத்து என்று நம்மிடம் ஒன்று இருக்குமானால் அது இதுதான். அதற்கு நாம் வைத்திருக்கும் மரியாதை, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்பது மட்டுமே.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதைச் சென்னை காட்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 50 வேகன்கள் கொண்ட அந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். வாழைமரம் கட்டி அதை வரவேற்றார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், ஏற்கெனவே ஒருமுறை சுத்தம் செய்யப்பட்ட சாக்கடை நீரை மேலும் வடிகட்டி, உப்பை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் விடும் ஆர்.ஓ. சவ்வுகளின் வழியே செலுத்தித் தொழிற்சாலைத் தரத்துக்குக் கொண்டுவரும் இரண்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன் கொண்டது. கொடுங்கையூர் நீர் மணலி ஆலைகளுக்கும், கோயம்பேடு நீர் திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் என்று ஏற்பாடு. இரண்டின் திறனையும் கூட்டினால் 9 கோடி லிட்டர்; அதாவது ஜோலார்பேட்டை ரயில் நாள்தோறும் 36 நடை வந்தால் எவ்வளவோ அவ்வளவு. இதற்கு வாழைமரம் கட்டியவர்களை எனக்குத் தெரியாது.

சொல்லப்போனால் மணலிக்கு இது புதிதே அல்ல. அங்குள்ள உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலேயே கொடுங்கையூர்ச் சாக்கடை நீரை விலைக்கு வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் குளிர்விக்கும் கோபுரத்துக்குக் குடிநீரை ஊற்றுவது நியாயமில்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது. அந்தப் புரிதல் மாநிலத்தின் மற்ற தொழில் நகரங்களுக்கு வந்து சேர ஏன் இவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் என் ஆதங்கம். காரணம் பணம் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. எந்த அழுக்கு எளிய அழுக்கு, எந்த அழுக்கு கொடிய அழுக்கு என்பதை நாம் மூக்கை வைத்து முடிவு செய்கிறோம். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

கொங்குப் பகுதியில் வீட்டுப் பெண்கள் தண்ணீரை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். நல்ல தண்ணீர் ஒன்று, சப்பைத் தண்ணீர் என்ற உப்புத் தண்ணீர் இன்னொன்று. நல்ல தண்ணீர் கலங்கி வந்தாலும் குடத்தில் பிடித்துத் தெளிய வைப்பார்கள். சப்பைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் அதில் பருப்பு வேகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒரு நீரை மறுபடி பயன்படுத்த முடியுமா, அதற்கு என்ன செலவாகும் என்று கேட்டால் வேதியியலாளனும் முதலில் பார்ப்பது இதைத்தான். சாக்கடையின் நாற்றமும் நிறமும் நுண்ணுயிர்களுக்கு உணவாகும் பொருள்களால் வருபவை. காற்றைச் செலுத்தி அந்த நுண்ணுயிர்களை உயிரோடு வைத்திருந்தால் பெரும்பகுதி அழுக்கை அவையே தின்று தீர்த்துவிடும். கரைந்த உப்பை எந்த உயிரும் தின்னாது. ஆகவே மூக்குக்குக் கொடியதான சாக்கடை எங்கள் தொழிலில் சுலபமான நீர். நிறம் நீக்கிக் கண்ணாடிபோல் நிற்கும் சாயக்கழிவுதான் கடினமான நீர்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு விவசாயியிடம் தெரிந்துகொண்டேன். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது உப்புதான். கறுப்பு, நேவி போன்ற அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவோம். வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு முழுவதும் தண்ணீரிலேயே நின்றுவிடும். 1990களில் திருப்பூரில் தொடங்கப்பட்ட பொது நிலையங்களில் நாங்கள் செய்ததெல்லாம் சுண்ணாம்பையும் ஃபெரஸ் சல்பேட்டையும் கலந்து நிறத்தைக் கசடாக இறக்கியது மட்டுமே. பார்வையாளர்கள் வந்தால் உள்ளே வரும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையிலும் வெளியே போகும் நீரை ஒரு குவளையிலும் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவோம். ஒன்று மை போல இருக்கும், மற்றொன்று தெளிந்து நிற்கும். பார்த்தவர்கள் தலையசைத்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் கீழ்ப்பகுதி ஆயக்கட்டிலிருந்து, அதாவது ஆற்றுப் பாசன நிலங்களிலிருந்து, சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் தெளிந்த குவளையில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். “தம்பி, நெறம் போயிருச்சு, உப்புப் போகலியே. இதை எந்தப் பயிருக்கு உடறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. எங்கள் குவளையில் இருந்தது அதைப் போல மூன்று மடங்கு. அந்த எண் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குவளையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தண்ணீர் நொய்யல் வழியே போய்ச் சேர்ந்த இடம் ஒரத்துப்பாளையம் அணை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, காஞ்சிமாநதி என்று பழைய பெயர் பெற்று, கோவையின் குளங்களை நிரப்பிவிட்டுத் திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். அதன் குறுக்கே, மழைக்கால வெள்ளத்தைத் தேக்கிக் கரூர்வரை பல ஆயிரம் ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கத் தொட்டியாக மாறிவிட்டது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடும் விவசாயிகளை நாடு முழுவதும் பார்க்கலாம். அணையைத் திறக்காதே என்று போராடியவர்கள் எங்கள் ஆயக்கட்டுக்காரர்கள்தான். சுற்றுவட்டாரக் கிணறுகள் உவர்த்தன. தென்னை ஓலையின் நுனி கருகியது. இளநீர்கூட உப்புக் கரிக்கிறது என்று எங்கள் உறவினர் ஒருவர் சொன்னபோது நான் மிகைப்படுத்துகிறார் என்றேன். அவர் ஒரு காயைச் சீவிக் கையில் கொடுத்தார்.

வழக்கு நடந்த விதம் பலருக்கும் தெரிந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீர் வெளியேற்றத்துக்கு லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதம் விதித்தது. ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறவும் கெடு வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்குக் கொண்டுபோய்ச் சாயம் போட்டு வந்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறிய தொழிலாளர் குடும்பங்களை அந்த மாதங்களில் பழைய பேருந்து நிலையத்தில் நாள்தோறும் பார்த்தேன். தீர்ப்பு கடுமையானது என்று அன்று பேசியவர்களில் நானும் ஒருவன். அது இல்லாமல் நாங்கள் மாறியிருக்கவே மாட்டோம் என்று இன்று சொல்கிறேன்.

மாறியது எப்படி என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நகராட்சிகள் கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. இப்போது பட்டறையிலிருந்து குழாயில் வரும் சாயக்கழிவு முதலில் பெரிய தொட்டியில் சமன்படுத்தப்பட்டு, நுண்ணுயிர்த் தொட்டிக்குப் போய், வடிகட்டப்பட்டு, ஆர்.ஓ. சவ்வுகளுக்குள் அழுத்தத்தோடு செலுத்தப்படுகிறது. பத்தில் எட்டரைப் பங்குக்கு மேல் நல்ல தண்ணீராக வந்து, பட்டறைக்கே திரும்பிப் போய் அடுத்த துணிக்குச் சாயம் போடப் பயன்படுகிறது. உப்பெல்லாம் திரண்டு மிச்சம் நிற்கும் ரிஜெக்ட் என்ற நீர்தான் தலைவலி. அதைக் காய்ச்சித்தான் உப்பைப் பிரிக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 540 கிலோ கலோரி வெப்பம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். ஒரு நீராவியை நான்கைந்து கலங்களில் அடுத்தடுத்து வேலை வாங்கி அந்தச் செலவைக் குறைத்தாலும், கொதிகலனுக்குப் போடும் விறகைப் பார்க்கும்போது நெஞ்சு பதறும். காய்ச்சிய குழம்பைக் குளிர்வித்தால், சாயமேற்றப் பயன்படும் சோடியம் சல்பேட்டான கிளாபர் உப்பு கற்கண்டு போலப் படிந்து வரும். அது மீண்டும் சாயத்தொட்டிக்குப் போகும். ரிஜெக்டின் நிறத்தை மட்டும் நீக்கி உப்புக் கரைசலாகவே பட்டறைக்குத் திருப்பி அனுப்பும் வழியும் நடைமுறைக்கு வந்தது. இரண்டிலும் அடங்காமல், எதற்கும் உதவாத கலவை உப்பு என்று ஒன்று மிஞ்சுகிறது. மழை படாத கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மூட்டைகளுக்கு இன்றுவரை போக்கிடம் இல்லை. எங்கள் தொழில் தன் கடனை முழுதும் அடைத்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இதையும் எழுதுகிறேன்.

இயந்திரங்களைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒவ்வொரு பட்டறையின் வாசலிலும் ஒரு மீட்டர் இருக்கிறது. எத்தனை லிட்டர் அனுப்பினார் என்பதற்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டும். நிலையம் அந்தப் பட்டறைக்காரர்களின் கூட்டுச் சொத்து. நுண்ணுயிர்த் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர் நின்றால் தொட்டி நாறும், தொட்டி நாறினால் சவ்வு அடைத்துக்கொள்ளும், சவ்வு அடைத்தால் அன்று மாலைக்குள் பட்டறையில் துணி நிற்கும். ஆகவே இரவு இரண்டு மணிக்கு ஒரு பம்பு நின்றாலும் பத்துப் பேருக்குத் தொலைபேசி போகும். போதாததற்குக் கருவிகளின் அளவீடுகள் இணைய வழியே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கின்றன. நல்ல மனம் வந்து நாங்கள் ஒழுங்காக ஓட்டவில்லை, ஐயா. ஓட்டாவிட்டால் எங்களுக்கே நட்டம் என்ற நிலையை நீதிமன்றம் உண்டாக்கியது, அதனால் ஓட்டினோம்.

இனி நகரச் சாக்கடைக்கு வருகிறேன். வழியெங்கும் உள்ள ஊர்களின் சாக்கடையைச் சுமந்துகொண்டு நொய்யல் எங்கள் வீட்டுப் பின்புறம் இன்றும் ஓடுகிறது. சாயம் போய்விட்டது, நுரையும் நாற்றமும் போகவில்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் இன்னும் சாயப்பட்டறைகளைத்தான் திட்டுகிறார்கள். மழை இரவுகளில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் பட்டறைகள் அறவே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கோடையில் ஆற்றில் ஓடும் நீரில் பெரும்பகுதி எங்கள் வீடுகளின் குளியலறையிலிருந்து வந்தது என்பதை அதன் வாசனையே சொல்லும்.

நுண்ணுயிர்த் தொட்டி நலமாக இருக்கிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் தொட்டி நீரை மொண்டு வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நலமான தொட்டியென்றால் காப்பிப்பொடி நிறத்தில் கசடு பஞ்சுபோலத் திரண்டு, குடுவையின் கால் பாகத்திலோ மூன்றில் ஒரு பாகத்திலோ படிந்துவிடும். மேலே நிற்கும் நீர் தெளிந்திருக்கும். முகர்ந்து பார்த்தால் முதல் மழைக்குப் பின் தோட்டத்தில் வரும் மண்வாசம் வரும். காற்றில்லாத தொட்டியென்றால் கசடு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பணியில் இருந்தபோது ஒருமுறை ஒரு நகரத்தின் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்க்க எங்களை அழைத்துச் சென்றார்கள். ஊர்ப்பெயர் வேண்டாம், அப்படி ஊர்கள் பல உண்டு. மூன்று புளோயர்களில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நிலையத்தின் மின்செலவில் பாதிக்கு மேல் இந்தக் காற்றுக்கே போகிறது என்பதால், கையைக் கடித்தால் முதலில் நிறுத்தப்படுவது புளோயர்தான். அங்கிருந்த இளைஞர், “கான்ட்ராக்டர் ஒண்ணு மட்டும் ஓட்டினாப் போதும்னு சொல்லியிருக்காருங்க” என்றார். குடுவையைக் கேட்டு வாங்கி மொண்டு வைத்தேன். அரை மணி நேரம் காத்திருக்கத் தேவைப்படவில்லை, மொள்ளும்போதே கறுப்பு. அலுவலக மேசையில் இருந்த பதிவேடு மட்டும் மிக அழகாக இருந்தது. நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய அழுக்கு நீரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பி.ஓ.டி. அளவு நாள்தோறும் குறிக்கப்பட்டிருந்தது, முந்தைய நாள் எடுத்த நீரின் முடிவும் அதில் இருந்தது. பி.ஓ.டி. சோதனை முடிய மூன்று நாள் ஆகும் என்பது அந்தப் பதிவேட்டை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு நிலையத்தை வைத்து நாட்டையே எடைபோடுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி இந்திய நகரங்களில் நாள்தோறும் உண்டாகும் கழிவுநீர் 7,236.8 கோடி லிட்டர். சுத்திகரிக்க நிறுவப்பட்ட திறன் 3,184.1 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023.5 கோடி லிட்டர். திறன் பாதிக்கும் குறைவு என்பதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அதற்குப் புதிய நிலையம் கட்டப் பணம் ஒதுக்குகிறார்கள். எனக்கு உறக்கம் கெடுப்பது அடுத்த எண்தான். கட்டி முடித்து, கல்வெட்டும் வைத்த நிலையங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட திறன் சும்மா கிடக்கிறது. சில இடங்களில் வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்காததால் சாக்கடையே நிலையத்துக்கு வந்து சேரவில்லை. சில இடங்களில் வந்தாலும் புளோயர் ஓடுவதில்லை. கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது, திறப்பு விழா நடக்கிறது. ஓட்டுவதற்கு விழா கிடையாது.

சாயப்பட்டறைக்காரனுக்கு ஒரு சட்டம், நகராட்சிக்கு ஒரு சட்டம் என்று இருப்பதை மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், நிலையத்தின் உள்ளேயும் வெளியேயும் மீட்டர் வைத்து, தரம் தேறிய ஒவ்வொரு லிட்டருக்கும் இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் தர வேண்டும், தேறாத நீருக்குக் காசு கிடையாது என்பேன். வெளியே வரும் நீரை விலைக்கு வாங்க ஆள் இருந்தால் இன்னும் நல்லது. வாங்கியவர் தரம் குறைந்தால் சும்மா இருக்க மாட்டார், மாசு வாரிய அதிகாரியைவிடக் கடுமையாகக் கேள்வி கேட்பார். சூரத் மாநகராட்சி பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பாண்டேசரா சாய ஆலைகளுக்குச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்து விற்று வருகிறது. நாக்பூர்ச் சாக்கடை கோராடி அனல்மின் நிலையத்தைக் குளிர்விக்கிறது. திருப்பூரில் தொழிலுக்கும் ஊருக்குமாகப் பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் திறனில் ஒரு தனித்திட்டமே போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தோம். மறுசுழற்சியில் ஆவியாகவும் ரிஜெக்டாகவும் இழக்கும் நீரை ஈடுகட்டப் பட்டறைகளுக்கு நாள்தோறும் வேண்டியிருக்கும் புதுத் தண்ணீரை, பவானியிலிருந்து எடுப்பதற்குப் பதிலாக ஊர்ச் சாக்கடையிலிருந்து எடுக்கலாமே என்பது என் கேள்வி. ஆர்.ஓ. தெரியாத ஊரல்ல இது. தெருவுக்குத் தெரு சவ்வு மாற்றத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இவையெல்லாம் சாக்கடையில் உப்புச் சேராதவரைதான். வீட்டுச் சாக்கடை சாதாரணமாக, ஊர்த் தண்ணீரில் உள்ள உப்பைவிடச் சில நூறு மில்லிகிராம் மட்டுமே கூடுதலாகக் கொண்டு வரும். அதில் ஒரே ஒரு திருட்டுச் சாயப்பட்டறை இரவில் தன் குழாயைச் செருகினால் பல ஆயிரம் வீடுகளின் நல்ல தண்ணீர் சப்பைத் தண்ணீராகிவிடும். பெரிய விடுதிகளும் சலவையகங்களும் தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்கு மூட்டை மூட்டையாக உப்புப் போட்டுக் கழுவிச் சாக்கடையில் விடுவதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு பம்பிங் ஸ்டேஷனிலும், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். கருவி ஒன்று வைத்தால் எந்தத் தெருவிலிருந்து எந்த நேரத்தில் உப்பு வருகிறது என்று மறுநாள் காலையில் சொல்லிவிடலாம். உப்பைக் கலந்த பின் பிரிக்க என்ன செலவாகும் என்பதை எங்கள் கொட்டகை மூட்டைகளைப் பார்த்தால் தெரியும்.

சுத்தம் செய்த நீர் அனைத்தையும் தொழிற்சாலைக்கே விற்றுவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நொய்யலில் கோடையில் ஓடுவது இந்த நீர் மட்டுமே என்பதால், அதையும் குழாயில் திருப்பிவிட்டால் ஆறு வெறும் மணலாகிவிடும். ஆயக்கட்டுக்காரர்களுக்கு ஒரு பங்கு உண்டு. அவர்கள் இருபதாண்டு இழந்ததற்கு வட்டியாகவாவது அது போய்ச் சேர வேண்டும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்ட, உப்பில்லாத, கிருமி நீக்கிய நீர் தென்னைக்கும் தீவனப் பயிருக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் அரைகுறையாகச் சுத்தம் செய்து அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. பெங்களூருவின் சாக்கடை நீரைக் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் 2018இல் தொடங்கியபோதே ஏரியில் நுரை பொங்கி, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. வறண்ட ஏரிகள் நிரம்பின என்பதும் உண்மை, நுண்ணுயிர்த் தொட்டி வரையிலான இரண்டாம் நிலைச் சுத்திகரிப்போடு நிறுத்தியது போதுமா என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை என்பதும் உண்மை. எங்கள் பெரியவர் செய்ததுபோல, நீர் யாருக்குப் போகிறதோ அவர் குவளையில் விரல் விட்டுப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

குடிப்பதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். நமீபியாவின் விண்ட்ஹூக் நகரம் 1968 முதல் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு கலந்து வருகிறது. சிங்கப்பூர் 2003 முதல் தான் சுத்திகரித்த சாக்கடை நீரில் ஒரு பகுதியைத் தன் நீர்த்தேக்கங்களில் சேர்க்கிறது. அறிவியலில் தடை இல்லை. புளோயரையே ஒழுங்காக ஓட்டாத ஊரில் அதைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்பது என் கருத்து.

இனி என் கோரிக்கை. அணைகளின் நீர்மட்டப் பெட்டிக்குக் கீழே, அதே அளவில், தங்கள் நாளிதழ் இன்னொரு பெட்டியை நாள்தோறும் வெளியிட வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய நகரங்களின் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு நேற்று எவ்வளவு வந்தது, எவ்வளவு சுத்தமாகி வெளியேறியது, அதன் டி.டி.எஸ். எவ்வளவு, எந்த ஆலைக்கோ எந்தக் குளத்துக்கோ போனது என்ற நான்கு விவரங்கள் போதும். பி.ஓ.டி. அளவையும் போடுவதானால் மூன்று நாள் தாமதமாகவே போடுங்கள். அடுத்த நாளே கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த எண்கள் அரசின் கையில் இருக்கின்றன, அல்லது இருக்க வேண்டும். ஒரு நிருபர் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தால், கேட்கப்படுவதற்காகவே சில இடங்களில் மீட்டர் பொருத்தப்படும் என்று நம்புகிறேன். பக்கத்தில் இடமிருந்தால், மேட்டூருக்கும் பவானிசாகருக்கும் கீழே ஒரத்துப்பாளையத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அதற்கு அடிக்கணக்கு வேண்டாம், டி.டி.எஸ். அளவு மட்டும் போட்டால் போதும், எங்கள் பக்கத்து ஆயக்கட்டுக்காரர்கள் மற்றதைப் புரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியலாளர் ஒருவர்,
திருப்பூர்.